ரத்த அழுத்த வரிசையில் ஒரு கேள்வி

வெள்ளைப்படுகிறது என்று வரும் பெண்ணிடம் "ராத்திரி தூக்கம் வருதாம்மா?" என்று கேட்க வேண்டும் என எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. நிறம், நாற்றம், அரிப்பு, அடிவயிற்று வலி எல்லாவற்றையும் விசாரித்து, பரிசோதித்து, தொற்று இருந்தால் மாத்திரை கொடுத்து அனுப்புவதுதான் கற்ற முறை. அதில் குணமாகிப் போகிறவர்கள் உண்டு. ஆனால் தர்மபுரி மாவட்டத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவ அலுவலராகச் சேர்ந்த சில மாதங்களிலேயே இன்னொரு கூட்டம் என் கண்ணில் படத் தொடங்கியது. பரிசோதனையில் ஒன்றும் இருக்காது, மாத்திரையும் தின்று முடித்திருப்பார்கள், மறுபடியும் ஓ.பி. சீட்டோடு வந்து நிற்பார்கள். "வெள்ளைபடுது டாக்டரம்மா. அதுலயே உடம்புச் சத்தெல்லாம் போயிடுது. இடுப்பு கழண்டு போவுது, கைகால் ஓய்ஞ்சு போவுது, தலை கிறுகிறுங்குது. ஒரு சத்து ஊசி போடுங்க."

இப்படி வந்தவர்களில் பலர் தூக்கத்தைப் பற்றிக் கேட்டதும்தான் வாய் திறந்தார்கள். விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, பிறகு ஒரே யோசனை. சோறு இறங்கவில்லை. குழந்தை அழுதாலும் எரிச்சல் வருகிறது. கடைசியாக எப்போது சிரித்தோம் என்பது நினைவில்லை. இவற்றை எல்லாம் ஒரு நோயாக அவர்கள் எண்ணியதே இல்லை. இடுப்பு வலியை மட்டும்தான் மருத்துவரிடம் சொல்லத்தக்கதாக நினைத்திருந்தார்கள்.

2005-ல் வெளிவந்த கோவா ஆய்வு ஒன்றைப் பிறகு படித்தேன். விக்ரம் பட்டேலும் அவருடைய குழுவினரும் 18 முதல் 50 வயது வரையிலான சுமார் 2,500 பெண்களிடம் நடத்தியது. வெள்ளைப்படுதல் என்ற முறையீட்டோடு தொற்றைவிட மனச்சோர்வும் பதற்றமும் குடும்ப நெருக்கடியும்தான் அழுத்தமாகத் தொடர்புடையவை என்று அதில் கண்டிருந்தார்கள். என் மேசைக்கு முன்னால் தினமும் உட்கார்ந்திருந்தவர்களைப் பற்றித்தான் அந்தக் கட்டுரை பேசிக்கொண்டிருந்தது.

இதைச் சொல்லும்போதே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பெண்ணின் உடம்பு வலியை "எல்லாம் மனசுதான்" என்று தள்ளிவிடும் மருத்துவரைவிட ஆபத்தானவர் கிடையாது. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருக்கிறது. ஹீமோகுளோபின் எட்டுக்குக் கீழே போனவளுக்குக் கைகால் ஓய்ந்துதான் போகும். தைராய்டு குறைந்தால் மனச்சோர்வைப் போலவே இருக்கும். அதனால் ரத்தமும் பார்க்கிறேன், சர்க்கரையும் பார்க்கிறேன், கர்ப்பப்பை வாயும் பார்க்கிறேன், தூக்கத்தையும் கேட்கிறேன். பெரும்பாலும் ஒன்றோடொன்று கலந்தேதான் கிடக்கும். இரும்புச்சத்து மாத்திரையும் மனச்சோர்வு மாத்திரையும் ஒரே சீட்டில் எழுதிய நாட்கள் ஏராளம்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் மனநல சிகிச்சை என்பது இன்று நேற்று வந்த யோசனை அல்ல. 1975 வாக்கிலேயே ஹரியானாவின் ராய்ப்பூர் ராணியிலும் பெங்களூருக்கு அருகே சக்கல்வாராவிலும் செய்து பார்த்தார்கள். 1982-ன் தேசிய மனநலத் திட்டம் அதைக் கொள்கையாகவே ஏற்றது. பெல்லாரியில் நடந்த முயற்சியை முன்மாதிரியாக வைத்து 1996-ல் மாவட்ட மனநலத் திட்டம் வந்தது. எங்களுக்கும் மாதம் ஒருமுறை தாலுகா மருத்துவமனைக்கு ஒரு மனநல மருத்துவர் வருகிறார். தீவிர நோயாளிகளைக் குடும்பத்தார் எப்படியாவது அங்கே கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். ஆனால் அதிகாலையில் எழுந்து தண்ணீர் பிடித்து, சமைத்து, மாட்டைக் கட்டிவிட்டு, நூறு நாள் வேலைக்கும் போய்வந்து, யாரிடமும் சொல்லாமல் வாடிக்கொண்டிருக்கும் பெண்ணை யார் அங்கே கூட்டிக்கொண்டு போவார்கள்? பேருந்துக் காசு யார் தருவார்? "எங்கே போயிட்டு வர்ற" என்ற கேள்விக்கு அவள் என்ன பதில் சொல்வாள்?

எங்கள் நிலையத்திலேயே ஒரு காலத்தில் "மனநல ஆலோசனை" என்று பலகை மாட்டிய அறை ஒன்று இருந்தது. அதன் வாசலில் ஒரு பெண் நிற்பதை ஊர்க்காரர் ஒருவர் பார்த்தால் போதும், பொழுது சாய்வதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். கல்யாணமாகாதவள் என்றால் வரன் தட்டிப்போகும். கல்யாணமானவள் என்றால் வீட்டில் நடக்கும் ஒவ்வொரு சண்டையிலும் அந்த வாசல் நினைவூட்டப்படும். பலகையைக் கழற்றிவிட்டோம். அந்த அறையில் இப்போது தடுப்பூசிக் குளிர்பெட்டி இருக்கிறது.

பெண்கள் கேள்வி கேட்கப்படாமல் வந்துபோகும் இடங்கள் ஒரு சுகாதார நிலையத்தில் நாலைந்து உண்டு. செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் பரிசோதனை. புதன்கிழமை தடுப்பூசி. குடும்பக் கட்டுப்பாட்டு ஆலோசனை. அப்புறம் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வாங்கும் வரிசை. 2021 ஆகஸ்டில் பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கியதிலிருந்து பி.பி. மாத்திரை என்பது வீடு தேடி வரும் சாதாரண சங்கதியாகிவிட்டது. அதில் யாருக்கும் கூச்சமில்லை. "பிரஷர் பாக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு எந்த மருமகளும் வீட்டை விட்டுக் கிளம்பலாம்.

ரத்த அழுத்தம் பார்க்கும் முன் ஐந்து நிமிடம் உட்கார வைக்க வேண்டும் என்பது விதி. நடந்து வந்த களைப்போடு அளந்தால் கணக்குத் தப்பாகும். கூட்டத்தில் இந்த ஐந்து நிமிடத்தை யாரும் கடைப்பிடிப்பதில்லை. நாங்கள் அதைக் கண்டிப்பாகக் கடைப்பிடிப்பது என்று முடிவு செய்தோம். அந்த ஐந்து நிமிடத்தில் இரண்டு கேள்விகளைக் கேட்பது என்றும் முடிவு செய்தோம். தொற்றாநோய்ப் பிரிவின் செவிலியர்தான் கேட்பார். "இந்த ரெண்டு வாரமா எதுலயும் நாட்டமில்லாம, எதைச் செய்யவும் பிடிக்காம இருந்துச்சா?" "மனசு வெறுத்துப்போன மாதிரி, விட்டுப்போன மாதிரி இருந்துச்சா?" மனச்சோர்வைக் கண்டறிய உலகம் முழுக்கப் பயன்படும், ஒன்பது கேள்விகள் கொண்ட தாளின் முதல் இரண்டு கேள்விகள்தான் இவை. ஆம் என்றால் மீதி ஏழையும் கேட்போம். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் மூன்று வரை மதிப்பெண், மொத்தம் 27, பத்தைத் தாண்டினால் என்னிடம் வருவார்கள். முடிவை நானே பேசிப் பார்த்துத்தான் எடுப்பேன். எண்ணை வைத்து மட்டும் யாருக்கும் மாத்திரை எழுதியதில்லை.

கேட்பது எளிது, கேட்கும்படியான இடம் கிடைப்பதுதான் கடினம். மாமியாரோ கணவரோ பக்கத்திலேயே நிற்பார்கள். "வெளிய இருங்க" என்று சொன்னால் அந்தப் பெண்ணுக்கு வீட்டில் விசாரணை நடக்கும். எங்கள் செவிலியர் ஒருவர் இதற்குக் கண்டுபிடித்த வழியைத்தான் இன்றுவரை பின்பற்றுகிறோம். "எடை பாக்கணும், நீ மட்டும் உள்ள வாம்மா. பாட்டி, நீங்க இப்படி ஃபேனுக்குக் கீழ உட்காருங்க, உங்களுக்கும் பிரஷர் பாத்துடலாம்." எடைபோடும் கருவியை ஆய்வகத்தின் உள்பக்கம், கதவு மூடும் இடத்துக்கு மாற்றினோம். காசு செலவில்லாத அந்த ஏற்பாடு, நாங்கள் கலந்துகொண்ட எத்தனையோ பயிற்சி முகாம்களைவிட அதிகம் பலன் தந்தது என்பேன்.

ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றியது. அதைக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று புதிதாக வரும் செவிலியர்கள் எல்லோரும் பயப்படுவார்கள். விதைக்கமாட்டோம், ஆய்வுகளும் அதைத்தான் சொல்கின்றன. "இப்படியெல்லாம் கஷ்டப்படறவங்களுக்குச் சில நேரம் செத்துப் போயிட்டா தேவலைன்னு தோணும். உனக்கு அப்படித் தோணுதாம்மா?" என்று நிதானமாகக் கேட்டால், கேட்கப்பட்டவள் பெருமூச்சு விடுவதைத்தான் பார்த்திருக்கிறேன். தோன்றுகிறது என்பவளிடம் மேற்கொண்டும் கேட்கிறோம். எப்போதிலிருந்து, எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறாளா, வீட்டில் பூச்சிமருந்து எங்கே இருக்கிறது. அன்றைக்கே ஒரு நம்பிக்கையான ஆளை வரவழைத்து, மருந்தை வீட்டை விட்டு அகற்றச் சொல்கிறோம்.

ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். நாற்பது வயதிருக்கும். கணவர் பெங்களூரில் கட்டட வேலை, மாதத்துக்கு ஒருமுறை வருவார், வந்தால் குடி. சுய உதவிக் குழுக் கடன் போக இரண்டு தனியார் நிறுவனங்களில் வாரத் தவணைக் கடன். மூத்த மகளின் கல்யாணத்துக்கு வாங்கியது. தலைவலிக்காக வருடக்கணக்கில் மருந்துக்கடையில் தூக்க மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். பி.பி. பார்க்க வந்த இடத்தில் முதல் கேள்விக்கே கண் கலங்கிவிட்டது. "நாட்டமா? எனக்கு எதுக்கு நாட்டம் மேடம்? தவணைக்காரன் வர்ற திங்கக்கிழமைய நினைச்சாலே வயித்தைப் பிசையுது."

ஃப்ளுவாக்செட்டின் என்ற மனச்சோர்வு மாத்திரை, காலையில் ஒன்று எழுதினேன். எழுதும் முன் சில விஷயங்களை விசாரிக்காமல் விடமாட்டேன். எப்போதாவது நாள்கணக்கில் தூங்காமல், மிதமிஞ்சிய உற்சாகத்தில், அளவுக்கு மீறிப் பேசிச் செலவழித்துத் திரிந்த காலம் இருந்ததா என்று கேட்க வேண்டும். இருந்தால் இந்த மாத்திரை அதைக் கிளப்பிவிடும், மனநல மருத்துவரிடம்தான் அனுப்ப வேண்டும். கர்ப்பமா, பால் கொடுக்கிறாளா என்று கேட்க வேண்டும்; பால் கொடுப்பவர்களுக்கு செர்ட்ரலின்தான் என் முதல் தேர்வு. அடுத்தது, மாத்திரை வேலை செய்ய இரண்டு மூன்று வாரம் ஆகும் என்பதையும், முதல் வாரத்தில் குமட்டலும் படபடப்பும் வரலாம் என்பதையும் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் நாலாம் நாள் "சூடு பண்ணுது" என்று நிறுத்திவிடுவார்கள். தேறிய பிறகும் குறைந்தது ஒன்பது மாதம் தொடர வேண்டும் என்பதை இரண்டாவது சந்திப்பில்தான் சொல்வேன். முதல் நாளிலேயே சொன்னால் மலைத்துப்போவார்கள்.

அவருக்குச் சாக வேண்டும் என்ற எண்ணமும் இருந்ததால் ஒரு வாரத்துக்கு மட்டும்தான் மாத்திரை கொடுத்தோம், அதுவும் மகளின் கையில். அமிட்ரிப்டிலின் போன்ற பழைய மாத்திரைகளில் இந்த எச்சரிக்கை இன்னும் கூடுதலாகத் தேவை. ஒரு மாதத்து அட்டை மொத்தமும் இதயத்தை நிறுத்திவிடக்கூடியது. பி.பி. மாத்திரை வைக்கும் அதே துணிப்பையில் இதையும் போட்டுக் கொடுத்தோம். வீட்டுக்கு வரும் தன்னார்வலருக்கும் அது இன்னொரு மாத்திரை, அவ்வளவுதான். பெயர்ப்பதிவேட்டில் மனநலம் என்று எழுதாமல் எங்களுக்குள் ஒரு குறி வைத்திருக்கிறோம்.

மாத்திரையால் கடன் அடையாது. ஆனால் தூக்கம் வந்த பிறகு அவரே கடன்காரர்களைப் பட்டியல் போட்டார், எதை முதலில் முடிப்பது என்று குழுத் தலைவியோடு உட்கார்ந்து பேசினார். அந்தத் தெம்பைத்தான் நோய் தின்றிருந்தது. மனச்சோர்வு வறுமையால் வருகிறது, மாத்திரை எதற்கு என்று கேட்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. வறுமையோடு போராட வேண்டியவளுக்குப் போராடும் உடம்பையும் மனதையும் மறுப்பது எந்த நியாயத்தில் சேரும் என்று அவர்களிடம் திருப்பிக் கேட்கிறேன்.

கணவன் அடிக்கிற வீடு வேறு. அங்கே நான் மாத்திரையை முன்னால் வைக்கமாட்டேன். காயத்தைப் பார்த்து எழுதி வைப்பேன். 181 எண்ணைச் சொல்வேன். 2005-ன் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி பாதுகாப்பு அலுவலரிடம் போக வழி சொல்வேன். போவதா வேண்டாமா என்பதை அவளே முடிவு செய்ய விடுவேன். அடி நிற்காத வீட்டுக்கு அவளைத் திருப்பி அனுப்பி, அழுகையை மட்டும் நிறுத்தும் மாத்திரையைக் கையில் கொடுப்பதை என் மனம் ஏற்கவில்லை. நோயும் சேர்ந்திருந்தால் அதற்கும் வைத்தியம் பார்ப்பேன், அது வேறு.

பேசுவதற்கு யார் இருக்கிறார்கள் என்பது அடுத்த பெரிய கேள்வி. ஒரு காலையில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் பார்க்கும் மருத்துவரால் ஒருத்தியோடு முக்கால் மணி நேரம் பேச முடியாது. மருத்துவர் அல்லாதவர்கள் இதைச் செய்ய முடியும் என்பதற்குப் போதுமான சான்று இருக்கிறது. 2008-ல் வெளியான ராவல்பிண்டி ஆய்வில், கிராமத்துப் பெண் சுகாதாரப் பணியாளர்களே பயிற்சி பெற்று, மனச்சோர்வுள்ள தாய்மார்களின் வீட்டுக்குப் போய்ப் பேசினார்கள். குழந்தைக்கு ஆறு மாதமானபோது அவர்களில் 23 சதவீதத்தினருக்கே நோய் நீடித்தது, மற்ற தாய்மார்களில் 53 சதவீதத்தினருக்கு நீடித்தது. கோவாவில் 24 சிகிச்சை மையங்களில் நடந்து 2010-ல் வெளியான ஆய்விலும், அரசு சுகாதார நிலையங்களில் சாதாரண ஆலோசகர்கள் நல்ல பலன் கண்டார்கள்.

எங்களுக்கு வாய்த்தவர்கள் தொற்றாநோய்ச் செவிலியரும் கிராம சுகாதார செவிலியர்களும்தான். ஊரில் நர்ஸம்மா என்றால் அவர்தான். எந்த வீட்டில் யார் சாப்பிடவில்லை என்பது வரை அவருக்குத் தெரியும். ஆனால் அவருடைய முதுகின் மேல் என்னவெல்லாம் இருக்கிறது என்பதை மேலே இருப்பவர்கள் பார்க்க வேண்டும். கர்ப்பிணிப் பதிவு, முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித்தொகைக்கான விவரம், தடுப்பூசி, காய்ச்சல் கணக்கு, அதுபோக நாளுக்கொரு கூட்டம். ஒரு பதிவேட்டைக்கூடக் குறைக்காமல் மனநலத்துக்கு இன்னொரு பதிவேட்டைக் கொடுத்தால் அவர் கட்டங்களை நிரப்புவார், கேள்வியைக் கேட்கமாட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. எங்கள் வட்டாரத்தில் நான் வாதாடிப் பெற்ற ஒரே சலுகை, மனநலக் கேள்விகளுக்கு மாத இலக்கு வைக்கக் கூடாது என்பது. இலக்கு வைத்த மறுநாளே எல்லாப் பெண்களும் பூஜ்யம் வாங்கத் தொடங்குவார்கள்.

கேட்டு, கண்டுபிடித்து, பிறகு தொடராமல் விடுவது கேட்காமல் இருப்பதைவிடக் கொடுமை. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்கள் விஷயத்தில் இது வெகுவாகப் பொருந்தும். உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உட்பட ஐந்து இடங்களில் நடத்திய ஆய்வு 2008-ல் வந்தது. பிழைத்தவரிடம் ஒரு மணி நேரம் பேசி, பிறகு 18 மாதத்தில் ஒன்பது முறை தொலைபேசியிலோ நேரிலோ விசாரித்தார்கள். அவ்வளவுதான் செய்தது. அதற்கே தற்கொலைச் சாவுகள் வெகுவாகக் குறைந்தன. எங்களிடமும் அப்படி ஓர் ஏடு இருக்கிறது. தேதி வந்ததும் செவிலியர் கூப்பிட்டு "சாப்பிட்டியாம்மா" என்று கேட்பார். 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் 115-வது பிரிவில், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மனஅழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. இன்னமும் போலீஸ் வந்துவிடும் என்று பயந்து "தவறுதலா குடிச்சிட்டா" என்று சொல்லும் குடும்பங்களுக்கு இதைத்தான் முதலில் விளக்குகிறோம்.

புதன்கிழமைத் தடுப்பூசி எனக்கு மிகப் பிடித்த நாள். ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரம் என்று தாயும் குழந்தையும் தவறாமல் வருவார்கள். வேலூர் அருகே கிராமங்களில் நடந்து 2002-ல் வெளியான ஆய்வில், பிரசவத்துக்குப் பின் 11 சதவீதத் தாய்மார்களுக்குப் புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. எடின்பரோ அளவுகோல் என்று பத்துக் கேள்விகள் கொண்ட தாள் தமிழிலும் உண்டு. எழுதப் படிக்கத் தெரிந்தவள் தானே நிரப்பலாம்; தெரியாதவளுக்கு நாங்கள் வாசிப்போம். ஊசி போட்ட பின் அரை மணி நேரம் குழந்தையை அங்கேயே வைத்திருக்க வேண்டும் என்பதால் அவசரமும் இல்லை. இரண்டாவதும் பெண்ணாகப் பிறந்த வீடுகளில் கூடுதலாகக் கவனிக்கிறோம். 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில் ஏன் தொடங்க வேண்டியிருந்தது என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். பெண் குழந்தையை யாரும் இப்போது வெளிப்படையாக வெறுப்பதில்லை. தாயைப் பார்க்க வருகிறவர்களின் எண்ணிக்கை குறைந்துவிடும், பத்தியச் சாப்பாட்டில் குறை வரும், கணவன் பிள்ளையைப் பார்க்க வரும் தேதி தள்ளிப்போகும். அவள் எல்லாவற்றையும் எண்ணிக்கொண்டிருப்பாள்.

ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்குப் பிரசவமான சில நாட்களிலேயே புத்தி பேதலிக்கும். தூக்கம் அறவே போய்விடும். குழந்தை தன்னுடையது அல்ல என்பாள். யாரோ பேசுவது கேட்கிறது என்பாள். ஊரில் இதை ஜன்னி என்பார்கள், மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள். இது காத்திருக்கக்கூடிய நோய் அல்ல, அன்றைக்கே மருத்துவமனையில் சேர்க்க வேண்டியது. தாயையும் குழந்தையையும் சேர்த்தே அனுமதிக்கும் பிரிவு பெங்களூர் நிம்ஹான்ஸில் 2009 முதல் இருக்கிறது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சிகிச்சையின்போது தாயிடமிருந்து சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்று 2017-ன் சட்டமும் சொல்கிறது.

எங்கள் பகுதிப் பெண் ஒருத்தி முதல் பிரசவத்தில் அப்படிப் போய்த் தேறி வந்தாள். இப்போது மறுபடியும் கர்ப்பம், ஐந்தாவது மாதம். ஒருமுறை வந்தவளுக்கு அடுத்த பிரசவத்திலும் வரும் வாய்ப்பு அதிகம். அதனால் அவளுடைய தாய்சேய் அட்டையின் முதல் பக்கத்திலேயே அதைக் குறித்திருக்கிறோம், அவள் சம்மதத்தோடு. எட்டாம் மாதம் மனநல மருத்துவர் ஒருமுறை பார்த்து, பிரசவமானதும் எந்த மாத்திரையை எப்போது தொடங்குவது என்று எழுதித் தருவார். முதல் இரண்டு வாரம் நர்ஸம்மா ஒருநாள் விட்டு ஒருநாள் வீட்டுக்குப் போவார். தூக்கம் கெட்டால் இது கிளம்பக்கூடும் என்பதால் இரவு பத்து மணிப் பாலுக்குப் பிறகு குழந்தையை யார் வாங்கிக்கொள்வது என்பதையும் முறை பிரித்தாகிவிட்டது: நாலு நாள் அவளுடைய அம்மா, மூன்று நாள் அவளுடைய கணவர்.